எட்டு ரூபாய், நாற்பது ரூபாய்

புரட்டாசி முடிவதற்குள்
ரிச்சி தெருவுக்குப் போய்விடுவேன்.
முடிச்சூரில் தரைத்தளம் வாங்கியவனுக்கு
வானிலை அறிக்கை வேண்டாம்.
ஹால் சுவரில் முட்டி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு
நான்கு முறை வெள்ளையடித்தும் போகவில்லை.

அந்த வெள்ளத்தில் வீட்டில் டார்ச் இருந்தது.
மூடிதான் திருகவில்லை.
இடுக்கி போட்டுத் திறந்தால்
செல் இரண்டும் கசிந்து உப்புப் பூத்து
ஸ்பிரிங்கில் பச்சை பிடித்து
ஊறுகாய் ஜாடியின் அடிமண்டி மாதிரி
ஒட்டிக்கிடந்தன.
மாடிப்படியைத் தடவித் தடவி ஏறினோம்,
என் தோளில் பையன்,
கோதைநாயகியின் பல்லிடுக்கில் ரேஷன் கார்டு.

அன்றிலிருந்து செல் வாங்குவதில் நான் ஒரு கிறுக்கன்.

கடையில் பர்ஹானா,
ஹிஜாபுக்குள் செருகிய ஃபோனில் யாரிடமோ பேசியபடி
"எட்டா நாற்பதா, அங்கிள்?" என்பாள்.
பதில் சொல்ல மாட்டேன்.
கைக்கொன்றாக வைத்து
பூசணிக்காய் வாங்குகிறவன் போல எடை பார்ப்பேன்.
கனமாக இருந்தால் அல்கலைன்.
அட்டையைத் திருப்பி,
எறும்புக்கு அச்சடித்த எழுத்தில்
காலாவதித் தேதி தேடுவேன்.
ஒரு தரம் தேதி மங்கலாக இருக்கிறதே என்று நகத்தால் சுரண்ட
கம்பெனிப் பெயரே கையோடு வந்துவிட்டது.
"இது எங்க சரக்கில்ல அங்கிள்."
அவர்கள் கடை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
பேசாமல் வேறு கொடுத்தாள்.

சுவர்க் கடிகாரத்துக்கு எட்டு ரூபாய் போதும்,
அதற்குப் பசியே கிடையாது.
பிரஷர் பார்க்கிற மிஷின் அப்படியில்லை,
கையைப் பிடித்து ஒரு மூச்சு இழுத்தாலே
பாதி செல்லைத் தின்றுவிடும்.
டார்ச்சுக்கு நாற்பது. பேரமே கிடையாது.
பழசையும் புதுசையும் ஜோடி சேர்க்கக் கூடாது;
ஷேர் ஆட்டோவில் ஒருத்தன் சில்லறை இல்லையென்றால்
எல்லோருக்கும்தானே தாமதம்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் மார்க்கரால் தேதி எழுதி
டார்ச்சில் போட்டு, ஒருமுறை எரித்துப் பார்த்து,
பீரோ மேல் வைத்தால்
அந்த வருஷத்துக்கு நான் நிம்மதி.

கார்த்திகை இரண்டாம் வாரம்.
பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
கதவுக்கடியில் தண்ணீர் நாக்கை நீட்டியது.
ஃபோனில் ஒன்பது சதவீதம், அதைத் தொடக் கூடாது என்றேன்.
பீரோ மேல் கையை விட்டு டார்ச்சை எடுத்தேன்.

லேசாக இருந்தது.
எடை பார்த்துப் பழகிய கை,
திறக்காமலே தெரிந்துவிட்டது.

"எவன் எடுத்தான்?"
இருட்டில் கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு கோதைநாயகி,
"ஞாயித்துக்கிழமை மேட்சு.
ரிமோட் வேலை செய்யலன்னு நீங்கதான்..."
பையன் சேர்த்துக்கொண்டான்,
"ஆறு பால், பதினொரு ரன்னுப்பா."

சோபா இடுக்கில் கிடந்தது ரிமோட்,
மூடி தொலைந்து ரப்பர் பேண்ட் கட்டியது.
நெம்பி எடுத்தேன்.
மொட்டு எந்தப் பக்கம் தட்டை எந்தப் பக்கம் என்று
கட்டைவிரலால் படித்து
ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன்.

எரிந்தது.
முதலில் தெரிந்தது
சமையலறைக்கு மிதந்து போய்க்கொண்டிருந்த
என் ஒற்றைச் செருப்பு.

பையன் இப்போது தோளில் ஏறுகிற பையன் இல்லை,
என்னைவிட அரையடி உயரம்.
டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
படியில் முன்னே போனான்,
வெளிச்சத்தைப் பின்பக்கம் காட்டியபடி
அம்மாவின் காலுக்கு.

நான் கதவைப் பூட்டினேன்.
உள்ளே கடிகாரம்
எட்டு ரூபாய்ச் செல்லில் ஓடிக்கொண்டிருந்தது,
எப்போதும் போல
ஏழு நிமிஷம் முந்தி.